நாலாம் நம்பர் மைக்

என் வீட்டின் பின்பக்க அறையில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். வெளிச்சத்தம் உள்ளே வராது என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னதை நம்பி ஒட்டியது. குக்கர் விசிலும், பக்கத்து வீட்டுச் சேவலும், பிச்சாட்டூர் போகும் ஷேர் ஆட்டோவின் ஹாரனும் இப்போதும் தாராளமாக உள்ளே வருகின்றன. அந்த அறையில் உட்கார்ந்து நான் தனியாளாகப் பஜனைப் பாட்டு செய்கிறேன். முதல் அடியைப் பாடுவது நான். அதைத் திருப்பிப் பாடும் ஆறு பேரும் நான்தான். ஒரு தடவை மூக்கால், ஒரு தடவை அடித்தொண்டையால், ஒரு தடவை பெண்பிள்ளை மாதிரி மெலிதாக என்று பாடிப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன். டோலக் கீபோர்டுக்குள்ளிருந்து வருகிறது. யாரும் பிந்துவதில்லை, யாரும் முந்துவதில்லை, யாருக்கும் டீ சொல்ல வேண்டியதில்லை. சுத்தமான பாட்டு. கேட்கத்தான் ஆளில்லை.

இப்படித் தனியாக உட்கார்ந்திருப்பதால் என்னைப் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். இது நானே தேடிக்கொண்டது. எப்படித் தேடிக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். எனக்கே வருகிறது, ஆனால் தினமும் வருவதில்லை.

கீபோர்டு எனக்குக் கைவந்தது திருப்பதியில். டிப்ளமோ படிக்கப் போன இடத்தில் படிப்பை விட்டுவிட்டு, கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசிக்கும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் மூன்று ஆர்க்கெஸ்ட்ரா மாறினேன். எங்கே போனாலும் சண்டை. டிரம்ஸ்காரன் வேகத்தைக் கூட்டுகிறான், கிட்டார்காரன் சுருதி சேர்க்காமல் வந்து உட்காருகிறான், பாடுகிற அம்மாள் மேலே போக வேண்டிய இடத்தில் பாதியில் நின்றுவிடுகிறார். நான் மேடையிலேயே முகத்தைச் சுளிப்பேன். கல்யாண வீடியோக்களில் பார்த்தால் மணமக்களுக்குப் பின்னால் விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி ஒருத்தன் நிற்பான். அது நான்.

கடைசி ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்த மூத்த பாடகர் ஒருநாள் மண்டபத்தின் பின்வாசலில் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நீக்கு வேள்ளு உன்னாயி, செவுலு லேவு." உனக்கு விரல் இருக்கிறது, காது இல்லை என்று அர்த்தம். எனக்கா காது இல்லை? ரோட்டில் போகும் லாரியின் ஹாரன் என்ன சுரம் என்று கேட்டால் சொல்வேன். அன்றைக்கு அவர் பாடிய பாட்டுகளில் எந்தெந்த இடத்தில் வழுக்கினார் என்று அவர் முகத்துக்கு நேராக ஒப்பித்துவிட்டு, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திராவில், பிச்சாட்டூருக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை போட்டேன். உள்ளூரிலேயே பெண் எடுத்தேன். எங்கள் தெருக்காரர்கள் கூலிக் காசைச் சேர்த்துக் கட்டிய பெருமாள் கோயில் ஒன்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அதில் பஜனை நடக்கும். நான் போய் உட்கார்ந்த நாளிலிருந்து அது என் பஜனை ஆகிவிட்டது. கீபோர்டு என்னுடையது, எட்டு மைக் போடும் மிக்சர் என்னுடையது, ரோட்டைப் பார்த்துக் கட்டிய கூம்பு ஸ்பீக்கரும் என்னுடையது. முதல் அடியை நான் பாடுவேன். மற்ற ஆறு பேர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். நாலு சுற்று நிதானமாகப் போய், ஐந்தாவது சுற்றில் இரட்டை வேகம் பிடிக்கும். டோலக் வாசித்தவர் ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். ஜால்ரா தட்டியது என் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

மச்சான் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் போடும் மேஸ்திரி. மூன்றாவது மாடியில் பலகை மேல் நின்றுகொண்டு கீழே இருப்பவனுக்குக் கம்பி கேட்டுக் கேட்டு வளர்ந்த குரல் அவருடையது. சிமெண்டுத் தூசி வேறு ஏறிப்போயிருந்தது. பாடும்போது சுருதிக்கு ஒரு மயிரிழை மேலேயே நிற்பார். இறங்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு தெறிக்க, கோவிந்தா என்று அவர் எடுத்தால் எனக்கு முதுகுத்தண்டில் யாரோ ஆணி கொண்டு கீறுவது போல இருக்கும். மற்றவர்களுக்கு அப்படி இருந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை.

பெண் கொடுத்தவர், வயதில் மூத்தவர், பாடாதே என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு சனிக்கிழமை மிக்சரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாலாம் நம்பர் ஃபேடரை அடிவரைக்கும் இறக்கினேன். நாலாம் நம்பர் மைக் மச்சானுடையது. கூம்பு ரோட்டுப் பக்கம் பார்த்திருக்கும், நாங்கள் உட்காருவது அதற்குப் பின்னால், மண்டபத்துக்குள். அதனால் பாடுகிறவருக்குத் தன் குரல் வெளியே போகிறதா இல்லையா என்று தெரியாது. நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீபோர்டில் குனிந்து உட்காருவேன். அதில் மற்ற மைக்குகள் மட்டும் கேட்கும். முதல்முறையாகப் பஜனை சுத்தமாகக் கேட்டது. அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மறுக்க முடியவில்லை.

பஜனை முடிந்து சுண்டல் தின்னும்போது மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்.

"என் கொரல் ரோடு வரிக்கும் கேட்டுச்சா மாப்ள?"

"புத்தூர் வரிக்கும் கேட்டுச்சு மச்சான்."

தையல்காரர் மிக்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுண்டலைப் பார்த்தார். அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது. சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அதையே கேட்பார், நானும் அதையே சொல்வேன். சில நாள் நாரணவனம் என்பேன், உற்சாகமாக இருந்தால் திருப்பதி என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். வீட்டில் அவர் மனைவியிடமும் கேட்பாராம். அந்த அம்மாவும் கேட்டது என்று சொல்வாராம். இதைக் கேள்விப்பட்டு நான் கடையில் தனியாகச் சிரித்திருக்கிறேன். இப்படி ஆறு வருடம் ஓடியது. ஆறு வருடத்துச் சனிக்கிழமைகளிலும், புரட்டாசிகளிலும் அந்த மனிதர் நரம்பு தெறிக்கப் பாடியது எதுவும் மண்டபத்து வாசல்படியைத் தாண்டியதில்லை.

இன்னொன்றும் அவர் அறியாமல் நடந்தது. என் மிக்சரை லேப்டாப்போடு சேர்த்தால் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும். ஃபேடர் இறங்கியிருந்தாலும் பதிவாகும். அதனால் மச்சானின் குரல் மட்டும் தனியாக என் லேப்டாப்பில் சேர்ந்துகொண்டே வந்தது. வேண்டாம் என்று அழித்திருக்கலாம். நான் வைத்திருந்தேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஒரு புரட்டாசிக்கு முன்னால் திருப்பதியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே புரட்டாசி சனிக்கிழமைகளில் வெளியூர் பஜனைக் குழுக்களுக்கு மேடை கொடுக்கும் மண்டபம் ஒன்று இருக்கிறது. நான் தெலுங்கில் அர்ஜி எழுதிப் போட்டு இடம் கேட்டிருந்தேன். காலையில் அரைமணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. தெருவே கொண்டாடியது. தையல்காரர் ஏழு பேருக்கும் மஞ்சள் சட்டை தைத்தார். மச்சான் அப்போது திருப்பதியில்தான் ஒரு அபார்ட்மெண்டுக்கு சென்ட்ரிங் போட்டுக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் வரச் சொல்லிவிட்டதாகவும், அன்றைக்கு அரைநாள் கம்பி வேலை கிடையாது என்றும் பெருமையாகச் சொன்னார்.

நான் மிக்சரை நினைத்தேன். அங்கே மிக்சர் வேறொருவர் கையில் இருக்கும். அந்த ஆள் எல்லா மைக்கையும் ஒன்றாகத் திறந்து வைப்பான். மச்சானின் குரல் திருப்பதி முழுக்கக் கேட்கும். என்னை விரலுண்டு காதில்லை என்று சொன்ன ஊரில், என் குழு இப்படித்தான் பாடும் என்று ஆகிவிடும். தையல்காரரிடம் சொன்னேன். அவர், மச்சானை ஜால்ரா மட்டும் தட்டச் சொல், பதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்றார். நானும் அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தேன். சத்தியமாக.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. பாதிப் பாட்டில் மச்சான் ஜால்ராவை நிறுத்தினார். "மாப்ள, நீ அவசரப்படுற. நாங்க ரெண்டாவது அடிய முடிக்கறதுக்குள்ள எகிறிப் போயிடுற. கொஞ்சம் நின்னு வா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கம்பி கட்டுகிறவனுக்கு முடிச்சு சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார்.

எனக்குக் கெட்ட வேளை அது. இவரா எனக்குச் சொல்வது என்று தலைக்கு ஏறிவிட்டது. பதில் பேசாமல் லேப்டாப்பைத் திறந்தேன். போன மாதத்துப் பாட்டு ஒன்றில் நாலாம் நம்பரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடினேன். கூம்பு ஸ்பீக்கர் ஆனில் இருந்தது. அதை மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

கூட்டத்தில் இருக்கும் குரலைப் பிய்த்துத் தனியாக வைத்தால் எந்தக் குரலும் அசிங்கமாகத்தான் கேட்கும். என்னுடையதும் அப்படித்தான் கேட்கும். ஆனால் அன்றைக்குக் கேட்டது அவருடையது. மூச்சு வாங்கும் சத்தம், தொண்டையைச் செருமுவது, தகரம் தட்டுவது போல ஜால்ரா, சுருதி இல்லாத வெறும் வெளியில் கோவிந்தா கோவிந்தா என்று ஒற்றையாக ஒரு ஆள் கத்துவது. கோயில் வாசலில் விளையாடிய பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு குழுவில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. பாட்டு முழுவதும் ஓடியது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"இது எந்த மைக்கு?" என்றார்.

"நாலாம் நம்பர்."

"இவ்ளோ மோசமா கீதே, ஜனங்க ஒண்ணும் சொல்லலியா?"

"ஜனங்க இன்னைக்குத்தான் கேக்கறாங்க மச்சான். நாலாம் நம்பரை நான் தெறக்கறதே இல்ல. ஆறு வருசமா."

அவர் சுற்றி இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஜால்ராவைத் தோளில் இருந்த துண்டில் சுற்றி, பெருமாள் முன்னால் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த பாட்டு என்றேன்.

மறுநாள் அவர் மனைவி கடைக்கு வந்தார். ரீசார்ஜுக்கு வந்தவர் மாதிரி போனை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்துதான் மொத மொதல்ல எனுக்கு அவரு கொரல் வீடு வரிக்கும் கேட்டுச்சு, அண்ணா. சிரிக்கறதும் கேட்டுச்சு. இத்தினி நாளு கேட்டுச்சின்னு நானும்தான் பொய் சொன்னேன். நான் ஆசையில சொன்னேன். நீ இன்னாத்துக்குச் சொன்ன?"

எத்தனை ரூபாய்க்கு ரீசார்ஜ் என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டிலும் சண்டை இல்லை. என் மனைவி பாத்திரம் விளக்கும்போது ஏதாவது முனகிக்கொண்டே விளக்குவாள். ரெக்கார்டிங் கெட்டுப்போகிறது, வாயை மூடு என்று நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன், அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அன்றோடு அது நின்றது. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பாடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

திருப்பதி மேடையில் ஆறு மஞ்சள் சட்டைகள் உட்கார்ந்தோம். மண்டபத்தில் யாத்ரீகர்கள் கூட்டம், பாதிக்குமேல் தமிழ்க்காரர்கள். நடுவில் சிமெண்டுக் கறை படிந்த லுங்கிகளோடு ஒரு பத்துப் பதினைந்து பேர். மச்சானின் ஆட்கள். ஒருவர் எழுந்து மேடை அருகில் வந்து, "மேஸ்திரி ஏடி?" என்று, மேஸ்திரி எங்கே என்று, தெலுங்கில் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. இருந்து பார்த்தார்கள்.

நான் முதல் அடியைப் பாடினேன். அழகாக வந்தது என்று இப்போதும் சொல்வேன். பாடி முடித்ததும் பின்னால் சத்தமே இல்லை. அரை நொடி இருக்கும். அதற்குள் ஒருவர் எடுத்தார், இன்னொருவர் பிந்தி எடுத்தார், மூன்றாமவர் தான் தவறிவிட்டதாகப் பயந்து நிறுத்தினார். இரண்டாவது அடியும் அப்படியே. நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேரும் என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டையும் பார்க்கவில்லை. எல்லாரும் இடது ஓரத்தில், யாரும் உட்காராத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் எப்போதும் உட்காரும் இடம் அது.

ஐந்தாவது சுற்று வந்தது. வேகம் பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன். தையல்காரர் பாதியில் பிடித்தார். இரண்டு பேர் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைதட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். எனக்குள் இருந்த பழைய ஆர்க்கெஸ்ட்ராக்காரன் எழுந்துவிட்டான். திரும்பி, "துன்றதுக்கு மட்டும்தான் வாயத் தெறப்பீங்களா?" என்று கத்தினேன். என் முன்னால் மைக் இருந்தது. அந்த ஊர் ஆப்பரேட்டர் எல்லா மைக்கையும் நன்றாகவே திறந்து வைத்திருந்தான். மண்டபம் முழுக்க, வாசலில் செருப்பு விடுகிறவர்கள் வரைக்கும் அது கேட்டது. யாத்ரீகர்கள் சிரித்தார்கள். மண்டபத்துக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து, போதும் என்று கும்பிட்டார். இரண்டு பாட்டோடு இறங்கினோம். அடுத்த குழுவினர் அதற்குள் தபேலாவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

திரும்பி வரும் வேனில், புத்தூர் தாண்டியதும், தையல்காரர்தான் பேச்சை எடுத்தார். அடி முடிந்ததும் முதலில் எடுப்பது மச்சான், அவர் எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். வேகம் பிடிப்பதற்கு முன்னால் ஜால்ராவை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி ஒரு மூச்சு இழுப்பார், அதைப் பார்த்துத்தான் இவர் டோலக்கின் வேகத்தை மாற்றுவாராம். இது ஆறு வருடமாக நடக்கிறது, எல்லாருக்கும் தெரியும் என்றார். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனுக்குத் தெரியும்னு நெனச்சோம். அந்த ஹெட்போனத் தலையில மாட்டிக்கினு நீ இன்னாதான் கேட்டுக்கினு இருந்தே?" என்றார்.

வீட்டுக்கு வந்து அன்று மதியமே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பழைய சனிக்கிழமைகளில் ஒன்றை எடுத்து, நாலாம் நம்பரையும் மற்றவர்களையும் சேர்த்துக் கேட்டேன். முதல் தடவையாக. மச்சான் எடுக்கிறார், ஒரு துளி பிந்தி மற்ற ஐந்து பேரும் எடுக்கிறார்கள். எல்லா அடியிலும் அப்படியே. நான் அவசரப்பட்டு எகிறிய இடங்களில் அவர் நீட்டிப் பிடித்து எல்லாரையும் நிறுத்தி, என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறார். நான் எகிறிய இடங்கள் நிறைய இருந்தன. அவருடைய சுருதி அப்போதும் மேலேதான் இருந்தது. அது ஒன்றில் மட்டும் நான் சொன்னது சரி.

அடுத்த சனிக்கிழமை பஜனைக்கு நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை தையல்காரர் மட்டும் வந்து, விளக்கைக் கும்பிட்டுவிட்டு, தைக்கிற வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார். நான் மிக்சரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மச்சானைப் பார்க்க அவர் நிலத்துக்குப் போனேன். ஒரு ஏக்கரில் வேர்க்கடலை. பிடுங்கிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து இரண்டு செடி பிடுங்கினேன். தப்பு பண்ணிவிட்டேன் மச்சான், நீ இல்லாமல் பஜனை இல்லை என்றேன். அவர் காய்களைத் தட்டி மண்ணை உதறினார். ஏரியில் இந்த வருடம் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று பேசினார். மோட்டார் காயில் போய்விட்டதைச் சொன்னார். பிடுங்கிய கடலையில் ஒரு கை அள்ளி, பிள்ளைகளுக்குக் கொடு என்று என் பையில் போட்டார். நான் சொன்னது அவர் காதில் விழாதது போலவே நடந்துகொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த தை மாதம் என் பெண் பெரியவளானாள். சடங்கு வைத்தோம். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு ஏது? வருவாரா மாட்டாரா என்று நான் தவித்தேன். தன் அண்ணன் வருவார் என்று என் மனைவி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். எங்கள் தெருவில் பஜனைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சீர்த்தட்டை இறக்கி வைத்ததும் தாய்மாமன்தான் முதல் பாட்டை எடுப்பான், சபை அதைத் திருப்பிப் பாடும். அதன்பிறகுதான் பெண்ணுக்கு மாலை. அதைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் பாடட்டும், எல்லாருக்கும் முன்னால், ரோடு வரைக்கும் கேட்கப் பாடட்டும். வாயால் கேட்ட மன்னிப்பை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இதை வாங்கிக்கொள்வார் என்று நம்பினேன்.

பந்தலில் மிக்சரை வைத்தேன். அதே நாலாம் நம்பர் மைக்கை அவருக்காக எடுத்து வைத்து, ஃபேடரைத் தலைவரைக்கும் ஏற்றினேன். மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன். கூம்பை ரோட்டைப் பார்த்துத் திருப்பினேன். ஹெட்போனைக் கொண்டுவரவே இல்லை. பழைய குழுவினர் ஐந்து பேரையும் முன்வரிசையில் உட்கார வைத்தேன். தையல்காரர் டோலக்கோடு வந்திருந்தார்.

மச்சான் குறையில்லாமல் வந்தார். பதினேழு தட்டு சீர், பட்டுப்பாவாடை, ஆளுயர மாலை. சிரித்துக்கொண்டே எல்லாரையும் விசாரித்தார். என்னையும் விசாரித்தார். தட்டுகளை இறக்கியதும் நான் ஓடிப்போய் மைக்கை அவர் கையில் கொடுத்தேன். நாலாம் நம்பர் மச்சான், தெறந்து வச்சிக்கீறேன் என்றேன். அவர் மைக்கின் மேல் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தார். தலையாட்டினார். கண்ணை மூடினார்.

பாடினார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, எல்லாம் சனிக்கிழமைகளில் இருந்தது போலவே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. மைக் போய்விட்டது என்று நினைத்து மிக்சரிடம் ஓடினேன். ஃபேடர் மேலேதான் இருந்தது. விளக்கு எரிந்தது. அவர் மூச்சு விடுவது கூம்பில் கேட்டது. அவர் பாடவே இல்லை. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார், ஓர் அடியையும் விடாமல், முழுப் பாட்டையும்.

உறவுக்காரக் கிழவிகள் மேஸ்திரிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் முதல் அடி முடிந்த இடத்தில் தையல்காரர் டோலக்கைத் தட்டினார், ஐந்து பேரும் ஒன்றாக எடுத்தார்கள். ஒருவர்கூடப் பிந்தவில்லை. அடுத்த அடியும் அப்படியே. ஐந்தாவது சுற்றில் அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி மூச்சை இழுத்தார். மொத்தப் பந்தலும் வேகம் பிடித்தது. எங்கள் குழு அவ்வளவு சுத்தமாகப் பாடி நான் கேட்டதே இல்லை. கூடச் சேர்ந்துகொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். தவறான இடத்தில் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. மச்சான் கண்ணைத் திறந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மைக்கை வாயருகே பிடித்து, சிரித்தபடி என்னைக் கேட்டார். இந்த முறை குரல் வந்தது. கூம்பு அதை ரோட்டுக்குக் கொண்டுபோனது.

"என் கொரல் ரோடு வரிக்கும் கேட்டுச்சா மாப்ள?"

தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாதவர்கள் நான் என்ன சொல்வேன் என்று பார்த்தார்கள். அவர் மைக்கை என் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தார். பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற என் மனைவி, சத்தம் போடாமல் சொன்னாள்.

"கேக்கறாரு இல்ல? சொல்லுங்க. எப்பவும் சொல்லுவீங்களே, அதயே சொல்லுங்க."

"புத்தூர் வரிக்கும் கேட்டுச்சு மச்சான்" என்றேன். நாலாம் நம்பர் மைக் அதைத் துல்லியமாக வாங்கிக்கொண்டது. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் தலையை ஆட்டினார், மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, என் பெண்ணுக்கு மாலை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.